மேட்டுப் பக்கம்

ஓடைக்குள் இறங்கி நின்று அவள் கணவன் கையிலிருந்த கம்பைத் தண்ணீருக்குள் குத்தினான். கம்பு போய்க்கொண்டே இருந்தது. வண்டியின் பின்சீட்டில் மாமனாரைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி, முன்கண்ணாடி வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுவரை கணுக்காலைக் கூட முழுசாக நனைக்காத ஓடை. இன்றைக்குச் செம்மண் கலந்த தண்ணீர் அவன் தொடையில் மோதிச் சுழித்துக்கொண்டு போனது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தான், தடுமாறினான், கம்பை ஊன்றி நிமிர்ந்தான்.

"என்ன பண்றான்?" கண்ணைத் திறக்காமலே மாமனார் கேட்டார்.

"ஆழம் பார்க்கறார் மாமா."

"பார்த்து என்ன ஆகப் போகுது." மூச்சு வாங்க ஒரு இடைவெளி. "அடுத்த பஸ்ஸா வரப் போகுது, இதை விட்டுட்டு அதுல ஏறிக்கலாம்னு சொல்ல."

சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. அவர் நெற்றியைத் துண்டால் ஒற்றினாள். துடைக்கத் துடைக்க வியர்வை முளைத்தது. மழைக் குளிரில் அவளுக்கு விரல் விறைத்திருந்தது, அவருக்கோ வியர்வை.

விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பிறகு இடது கை மரத்துப்போகிறது என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கணவன் போனை எடுத்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மலை உச்சிகளில் நிற்கும் போன் டவர்களுக்கு டீசலும் பேட்டரியும் சுமந்துபோய்ப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. மூன்று மலைக்குச் சிக்னல் கொடுக்கிறவன் வீட்டில் ஓர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. ராத்திரி மழையில் பக்கத்து டவர் செத்திருந்தது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான், சாவியை எடுத்தான்.

மாமனார் ஆயுசு முழுக்கப் பஸ் கண்டக்டர். ஓய்வுபெற்றும் வருஷங்கள் ஓடிவிட்டன, ஆனால் வாயிலிருந்து 'ரைட்டு' போகவில்லை. சாப்பிட்டு எழுந்தால் ரைட்டு, போனை வைத்தால் ரைட்டு. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் பேரே அதுதான்: "ரைட்டு இருக்காரா வீட்ல?" மனைவி போன பிறகு மகனோடு வந்து சேர்ந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டியும் அந்தச் சொல்லும். மகன் வண்டியில் ஏறினால், அப்பா பின்னாலிருந்து ரைட்டு சொல்லாமல் கிளட்சை விடமாட்டான். விளையாட்டாகத்தான் தொடங்கியது. போகப்போக இருவருக்கும் அது இல்லாமல் வண்டி நகராது என்றாகிவிட்டது.

கணவன் ஓடையிலிருந்து ஏறி வந்தான். பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவைத் திறந்து, உயரமான ஆசனத்துக்குத் தாவி ஏறினான்.

"போயிடலாம்," என்றான். "ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் நின்னா போக முடியாது."

"கதவுக்குள்ள வருமா?"

"வராது." கொஞ்சம் யோசித்து, "வந்தாலும் காலடிதான் நனையும்," என்றான்.

இந்த உயரத்தைப் பற்றித்தான் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சு நடந்தது. போன வருஷம் இதே ஓடையில் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்து வண்டி நின்றுபோய், அவன் கூரைமேல் ஏறி உட்கார்ந்து சாயங்காலம்வரை கத்திக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் பெரிய டயர் போடுவது என்று முடிவெடுத்தான். டயர் பெரிசானால் வண்டியின் உடம்பில் இடிக்கும்; அதனால் வண்டியைத் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதுதான் கேள்வி. மூன்று பேரும் பட்டறைக்குப் போனார்கள். சினிமாவுக்குப் போவதுபோல் மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். "ரெண்டு இஞ்ச்னா ஸ்பிரிங்குக்கு மேல கட்டை வச்சே முடிச்சிரலாம். டயர் இடிக்காது, அவ்வளவுதான். நாலுன்னா ஸ்பிரிங், ஷாக், பிரேக் குழாய் எல்லாமே நீளமா மாத்தணும். தண்ணியில, பாறையில நாலை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா பக்கவாட்டுச் சரிவுல போறப்போ, வண்டி உசரமாக உசரமாக, கவுறதுக்கு ஒரு சாக்குதான் தேடும். நீங்க எந்த வழியில அதிகம் ஓட்டறீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு வழியும்தான்," என்றான் கணவன். "முதல்ல ஓடை, அப்புறம் சரிவு."

"அப்ப கஷ்டம்தான்," என்று சொல்லிப் பட்டறைக்காரர் சிரித்தார்.

"ரெண்டு போதும்டா," என்றார் மாமனார். "கூரை மேல மூட்டை ஏத்தின பஸ்ஸுல நான் தொங்கியிருக்கேன். வளைவுல அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவளும் ரெண்டுதான் சொன்னாள். வண்டிகளுக்கு நம்பர் பலகையும் கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் எழுதுவது அவள் தொழில். கோடு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண்ணில் குத்தும். ஆனால் கூரைமேல் உட்கார்ந்து கத்தியவன் அவன். நாலு இஞ்ச்தான் ஏறியது.

முதல்நாள் சரிவில் போனபோது முன்கண்ணாடியின் கீழ்விளிம்பும் தொலைவில் இருந்த மலைக்கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதைப் பார்த்தாள். "நிறுத்துங்க," என்றாள். இறங்கி நடந்தாள். அன்றிலிருந்து சரிவு வந்தால் அவள் இறங்கி நடப்பாள், வண்டி முன்னால் போய் அந்தப் பக்கம் காத்திருக்கும். மாமனார் மட்டும் உட்கார்ந்தே போவார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாதியில இறங்கினா டிக்கெட் காசு திருப்பித் தரமாட்டோம்மா," என்பார்.

வண்டி ஓடைக்குள் இறங்கியது.

தண்ணீர் முதலில் சக்கரத்தை மறைத்தது. பிறகு சத்தம் மாறியது. எஞ்சின் சத்தம் அடங்கி, கதவின் அடிப்பக்கத்தை யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல் ஓடை தட்டியது. கணவன் நிறுத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தான். பெரிய கல் ஒன்றின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியபோது மாமனார் முனகினார். அவர் கை துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியின் பலம் அவளை ஆச்சரியப்படுத்தியது. நகம் பதியும் அளவுக்கு அழுத்தினார்.

கதவின் இடுக்கு வழியே ஒரு கோடாகத் தண்ணீர் உள்ளே கசிந்து அவள் செருப்பைத் தொட்டது. அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். இன்னும் ரெண்டு விரற்கடை ஏறியிருந்தால் குடம் குடமாக உள்ளே வந்திருக்கும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ரெண்டு இஞ்ச் போட்டிருந்தால் இந்நேரம் எஞ்சின் அணைந்து ஓடையின் நடுவில் நின்றிருப்பார்கள். அவன் சொன்னதுதான் சரி. சரி என்பதால் பயம் ஒன்றும் குறையவில்லை.

முன்சக்கரங்கள் அந்தக் கரையின் சேற்றைப் பற்றின. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

"தாண்டியாச்சா?" என்றார் மாமனார்.

"தாண்டியாச்சு மாமா. இனி கொஞ்ச தூரம்தான்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். மணிக்கட்டிலிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. வலி கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று அவளுக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். பாதை வளைந்தது. மழை கூரையில் அடித்தது. காத்திருந்தாள்.

குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இமைகள் முழுசாக மூடவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். ஜன்னல் இடுக்கு வழியே வந்த காற்றா, அவர் மூச்சா, தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடித்தது. பரபரவென்று துடித்தது. தன் மணிக்கட்டைப் பிடித்தாள்; அதிலும் அதே துடிப்பு. சீட்டின் கம்பியைத் தொட்டாள். அதிலும். எஞ்சினின் நடுக்கம் எல்லாவற்றுக்குள்ளும் ஒன்றுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா," என்று காதருகே கூப்பிட்டாள். "மாமா."

"என்ன?" முன்னாலிருந்து கணவன் கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள். அவன் பிடரி தெரிந்தது. ஈரமான சட்டைக் காலர், அதற்கு மேல் விறைத்து நின்ற நரம்பு, ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போன விரல் முட்டிகள்.

அவன் அம்மா போன செய்தி வந்தபோது அவன் ஒரு டவரின் பாதி உயரத்தில் இருந்தான். கீழே நின்றவர் யோசிக்காமல் கத்திச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கையும் காலும் உதறத் தொடங்கிவிட்டது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவனை, ரெண்டு பேர் ஏறிப்போய் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். கல்யாணமான புதிதில் அவனே அவளிடம் சொன்னது. அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

பின்னால் ஓடை ஏறிக்கொண்டிருக்கிறது. முன்னால் சரிவு.

"ஒண்ணுமில்லை," என்றாள். "தூங்கிட்டார்போல இருக்கு."

"தூங்கட்டும்," என்றான் அவன். "வலி குறைஞ்சிருக்கும்."

ஒருவேளை உண்மையிலேயே தூங்குகிறாரோ என்னவோ. மயக்கமாக இருக்கலாம். நானென்ன டாக்டரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தோளில் சாய்ந்திருந்த தலையின் கனம் மாறியிருந்தது. பாதையின் ஒவ்வொரு குழிக்கும் அது தன் இஷ்டத்துக்கு ஆடியது. அவள் அதைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சரிவு வந்தது. இடது பக்கம் ஈரப் பாறை சுவராக நிற்க, வலது பக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் பாதை பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மழை அதன்மேல் களிமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தது. கணவன் வண்டியை நிறுத்தினான். பழக்கம், இங்கே அவள் இறங்குவாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, திரும்பாமலே பேசினான்.

"இன்னிக்கு நீ இறங்க முடியாது. அப்பாவைத் தனியா விட முடியாதே."

"தெரியும்."

"மேட்டுப் பக்கம் ஒட்டி உட்காரு. அப்பாவையும் உன் பக்கம் இழுத்துக்கோ. பள்ளத்துப் பக்கம் சாயவே விடாதே. வெயிட்டு எல்லாம் மேட்டுப் பக்கம் இருக்கணும்."

"சரி."

"அப்பா, கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சுக்கோங்க," என்று குரலை உயர்த்திச் சொன்னான்.

"நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் அவள்.

பாறைப் பக்கத்துக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். மாமனாரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்தாள். அவர் ஒடிசலான மனிதர்தான். தினமும் அவரை எழுப்பி நிறுத்தக் கைகொடுத்துப் பழகியவள்தான். அப்போதெல்லாம் அவரும் கொஞ்சம் எழும்புவார்; அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போதுதான் தெரிந்தது. இழுத்த இடத்தில் உடம்பு நின்றது, விட்ட இடத்தில் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரை மடிமேல் ஏற்றினாள். போர்வையின் ஒரு முனையை ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை அவர் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து தன் கையில் சுருட்டிக்கொண்டாள். ஒரு காலை எதிர்ப்பக்கத்துச் சீட்டுக் காலில் முட்டுக்கொடுத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

வண்டி நகர்ந்தது.

முதலில் ஆசனம் சாய்ந்தது, பிறகு அதன்மேல் இருந்த எல்லாம். மருந்துப் பை வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்துப் பக்கக் கதவில் மோதி நின்றது. அந்தக் கதவின் கண்ணாடிக்கு வெளியே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. மாமனாரின் உடம்பு பள்ளத்தை நோக்கி இறங்கப் பார்த்தது. அவள் போர்வையை இழுத்தாள். அவர் தலை பின்னால் சாய்ந்து, பாதி திறந்த கண்கள் அவள் முகத்துக்கு நேராக வந்தன. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய இடத்தில் முன்கண்ணாடியும் மலைக்கோடும். கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் மோசம்; வண்டி ஏற்கெனவே கவிழ்ந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. திறந்தாள்.

பின்சக்கரம் வழுக்கியது. வண்டியின் பின்பக்கம் மட்டும் பள்ளத்தை நோக்கி ஒரு முழம் நழுவி, ஏதோ ஒரு கல்லில் மோதி நின்றது. கணவன் ஏதோ மிதித்தான். எஞ்சின் ஒருமுறை குலுங்கி அணைந்தது.

மழைச் சத்தம் மட்டும். எங்கோ கீழே ஒரு கல் உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

அவள் விரல்கள் இன்னும் மாமனாரின் மணிக்கட்டில் இருந்தன. அதில் ஒன்றுமில்லை. சீட்டுக் கம்பியிலும் ஒன்றுமில்லை; துடித்ததெல்லாம் எஞ்சினோடு நின்றிருந்தது. தன் விரல்நுனியில் ஓடும் ரத்தம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இனிமேல் தூக்கம், மயக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

"அசையாதே," என்றான் கணவன். குரல் வேறு மாதிரி இருந்தது. "அப்படியே இரு."

"அசையலை."

"அப்பா முழிச்சிட்டாரா?"

"இல்லை."

அவன் சாவியில் கை வைத்தான். திருப்பவில்லை. அவன் தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. ஓட்டுகிறவனின் ஆசனம் பள்ளத்துப் பக்கம். அவன் ஜன்னலுக்கு வெளியே கால்வைக்க மண் இல்லை. கை லேசாக உதறத் தொடங்கியிருந்தது. அதை மறைக்க அவன் ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்தான், எடுத்தான், மறுபடி பிடித்தான்.

"என்னால..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு சின்னப் பிள்ளைபோல், "அப்பா," என்றான். "அப்பா, ரைட்டு சொல்லுங்கப்பா."

மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். கீழ்த்தாடையில், காலையில் அவசரத்தில் சவரம் செய்யாத வெள்ளை முள்.

"அப்பா?"

"சொல்லிட்டார்," என்றாள் அவள்.

"எனக்குக் கேட்கலையே."

"மெதுவாச் சொன்னார். மழையில உங்களுக்குக் கேட்கலை." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளையே பயமுறுத்தியது. "ரைட்டுன்னு சொன்னார். போகச் சொல்லுன்னு சொன்னார்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. உடனே மாமனாரின் மணிக்கட்டில் மறுபடியும் துடிப்பு பரபரவென்று வந்தது. அவளால் தாங்க முடியவில்லை. கையை எடுத்துவிட்டு, அவர் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

கிளட்சை மயிலிறகைத் தூக்குவதுபோல் விட்டான். சக்கரம் கல்லின்மேல் ஏறியது. வண்டி இன்னும் ஒருமுறை பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் மாமனாரைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தன் முழு உடம்பையும் பாறைப் பக்கம் தள்ளினாள். உயிருள்ளவளும் உயிரில்லாதவரும் ஒரே கனமாக மேட்டுப் பக்கம் ஒட்டிக் கிடந்தார்கள். கதவுக்கு வெளியே பாறை கண்ணாடியை உரசியபடி போனது. பிறகு ஆசனம் மெல்ல மெல்ல நேரானது.

தார் ரோடு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். தார் ரோடு வந்தது. அவன் வேகமெடுத்தான். "அவ்வளவுதாம்பா, வந்துட்டோம்," என்றான். எதிரே வந்த லாரிக்கு விளக்கடித்து ஒதுங்கச் சொன்னான். சரிவில் அவ்வளவு எளிதாக வந்த பொய்க்குப் பிறகு, நேரான ரோட்டில் உண்மை வர மறுத்தது. இன்னும் ஒரு வளைவு போகட்டும், இன்னும் ஒரு பாலம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியின் வாசல் வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். ஒருவர் மாமனாரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். கூட இருந்தவரை நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு அவர்கள் ஓடவில்லை. நடந்துதான் உள்ளே போனார்கள். கணவன் அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் பெண்மணி ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, சொல்ல வேண்டியதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். வரும் வழியிலேயே ஆகிவிட்டது என்றார். நிறைய சமயம் வலி தெரியாமலே இருக்கும் என்றும் சொன்னார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான்.

பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் பேண்ட்டில் ஓடைத் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"எப்போ?" என்றான்.

"ஓடையைத் தாண்டினதும்."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசுக்குள் பாதை பின்னோக்கி ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது: தார் ரோடு, வளைவு, சரிவு.

"அப்ப, ரைட்டு சொன்னது..."

"நான்தான்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெல்லத் தலையசைத்தான், யாரோ மணி சொன்னதுபோல. பிறகு அவள் கையை எடுத்துப் பார்த்தான். போர்வையைச் சுருட்டியிருந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. மணிக்கட்டில் பிறைபோல் நகக்குறிகள். அவற்றின்மேல் கட்டை விரலை வைத்தான், எடுத்தான்.

"வண்டியை ஓரமாப் போட்டுட்டு வரேன்," என்று எழுந்தான். "வழியை மறிச்சிக்கிட்டு நிக்குது."

போனவன் வரவில்லை. நர்ஸ் வந்து, கையெழுத்துப் போட அவரைக் கூப்பிடுங்கள் என்றாள். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

மழை விட்டிருந்தது. வண்டி மதில் ஓரமாக நின்றிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு நடுவயதுக்காரர் நின்றிருந்தார். தம்பிக்குக் கை முறிந்து மாவுக்கட்டு போட அழைத்து வந்தவர். காலையில் அவர்கள் வந்தபோது உள்ளே இருந்திருக்க வேண்டும். அவருக்கு எதுவும் தெரியாது.

"எங்கிட்டயும் இதே வண்டிதான்," என்று பக்கத்தில் நின்ற கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "டயர் வாங்கிட்டேன். எவ்வளவு தூக்கறதுன்னுதான் முடிவு பண்ண முடியலை. நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"நாலு," என்றான் கணவன்.

"எப்படி இருக்கு?"

அவள் படியிறங்கப் போனவள் நின்றாள். கணவன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். பொறுமையாகச் சொல்லத் தொடங்கினான். ஸ்பிரிங்கைத் தொட்டுக் காட்டினான். பிரேக் குழாயை நீளமாக மாற்றாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது இழுபடும் என்றான். தண்ணீரில் கவலையே இல்லை, இன்றைக்குக்கூட ஓடையில் கதவுவரை வந்தது, தாண்டி வந்துவிட்டது என்றான். அவர் 'ஓகோ' என்று கேட்டுக்கொண்டார்.

"சரிவுல?"

பெரிய டயரின் பள்ளங்களில் களிமண் அப்பியிருந்தது. கணவன் அதை விரலால் சுரண்டினான்.

"சரிவுல கொஞ்சம் பார்த்துத்தான் போகணும்," என்றான். "எங்கப்பாவைக் கேட்டீங்கன்னா ரெண்டே போதும்பார்."

அவர் சிரித்தார். "அப்பாங்க எல்லாருமே அப்படித்தான். எங்கப்பா டயரே மாத்தாதேங்கறார்."

"ஆமாம்," என்றான் கணவன்.

உள்ளேயிருந்து நர்ஸ் மறுபடி கூப்பிடும் குரல் கேட்டது. அவள் திரும்பி, கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினாள். அவர் விடைபெற்றுக்கொண்டு போன பிறகும் கணவன் எழுந்திருக்கவில்லை. ஒரு பள்ளத்தில் களிமண் முழுசாகப் போனதும் அடுத்ததுக்குப் போனான், அதற்கடுத்ததுக்குப் போனான்.